உடம்பு கறுப்பா, சிவப்பா? வண்ணத்துப்பூச்சிக் கேள்வி பதில்

புளியங்குடியிலிருந்து: அண்ணாச்சி, எங்கள் எலுமிச்சைத் தோட்டத்தில் கறுப்பு இறக்கையில் சிவப்புப் பொட்டு வைத்த பூச்சி ஒன்று முட்டையிட்டது. கிரிம்சன் ரோஸ்தானே?

இல்லை. நீங்கள் சொன்ன செடியிலேயே விடை இருக்கிறது. கிரிம்சன் ரோஸ் புழுவுக்கு ஆடுதின்னாப்பாளை வகைச் செடிகள்தான் வேண்டும், எலுமிச்சையில் அது முட்டையிடாது. உங்கள் தோட்டத்துக்கு வந்தது காமன் மார்மன் பெண். இதன் பெண்களில் மூன்று விதம் உண்டு: ஒன்று ஆணைப் போலவே, இன்னொன்று காமன் ரோஸைப் போல, மற்றொன்று கிரிம்சன் ரோஸைப் போல. அந்த இரண்டு ரோஸ்களும் புழுப்பருவத்தில் தின்ற இலையின் நஞ்சை உடம்பில் வைத்திருப்பதால் பறவைகள் அவற்றை ஒதுக்கிவிடும், அந்தப் பயத்தை மார்மன் ஓசியில் வாங்கிக்கொள்கிறது. மூன்று வேஷத்தையும் முடிவு செய்வது டபுள்செக்ஸ் என்கிற ஒரே மரபணு என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். சரி, எப்படிப் பிரித்தறிவது? உடம்பைப் பாருங்கள். ரோஸுக்கு வயிறு சிவப்பு, மார்மனுக்குக் கறுப்பு. இறக்கைக்குப் போட்ட வேஷத்தை உடம்புக்குப் போட மறந்துவிட்டது!

பாளையங்கோட்டையிலிருந்து: எருக்கஞ்செடிப் பக்கம் பறக்கும் ப்ளெய்ன் டைகர்களில் ஒன்றுக்கு மட்டும் பின் இறக்கையில் ஒரே ஒரு கரும்புள்ளி. குறைபாடா?

குறைபாடு இல்லை, அது வேறு இனம். ப்ளெய்ன் டைகருக்குப் பின் இறக்கை நடுவில் மூன்று நான்கு புள்ளிகள் இருக்கும். ஒன்றுதான் என்றால் டேனைட் எக்ஃப்ளை பெண். இதன் ஆண் கறுப்பில் பெரிய வெள்ளைப் பொட்டுகளும் அவற்றைச் சுற்றி ஊதா மினுக்கமுமாக இருக்கும், இரண்டும் ஜோடி என்று முதலில் நானும் நம்பவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து: ராத்திரி லைட்டுக்கு வரும் பழுப்புப் பூச்சிக்கு ஐப்பசியில் கண்கண்ணாகப் புள்ளி இருந்தது, பங்குனியில் காணோம்.

காமன் ஈவ்னிங் பிரவுன். மழைக்காலத்தில் பிறந்ததுக்குக் கண்புள்ளி, வறட்சியில் பிறந்ததுக்குச் சருகு நிறம். காய்ந்த இலைகளுக்கு நடுவே உட்கார்ந்தால் மிதிக்கிற வரை தெரியாது. இதன் புழு நெல்லையும் புல்லையும் தின்னும், ஆற்றங்கரை வயல்காட்டில் கேட்கவா வேண்டும்!

கடையத்திலிருந்து: இரண்டு பின் இறக்கையிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் வெட்டு. புது வகையோ?

இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தபோது குருவியோ ஓணானோ கவ்வியிருக்கும். தப்பித்த பூச்சி, அவ்வளவுதான்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: வலப்பக்கம் ஒரு மாதிரி, இடப்பக்கம் வேறு மாதிரி இருந்தால்?

அதுதான் நிஜமாகவே அபூர்வம். பாதி ஆண், பாதி பெண்ணாகப் பிறப்பதுண்டு. அப்படி ஒன்றைப் பார்த்தால் பிடிக்காதீர்கள், இறக்கையை விரித்தபோது ஒரு படம், மூடியபோது இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.