கண்டலமவில் ஒரு முழுப் பகல்

அன்புள்ள சார்,

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு இலங்கை போகிறோம். கண்டலம ஹோட்டலில் இரண்டு இரவு புக் செய்து தருகிறேன் என்கிறான் மகன். ஒரு நாள் வாடகையில் இங்கே ஒரு மாத வீட்டு வாடகை கட்டிவிடலாம். பகலெல்லாம் சிகிரியா, தம்புள்ள, பொலன்னறுவை என்று சுற்றிவிட்டு ராத்திரி வந்து படுக்கத்தானே போகிறோம், அதற்கு இவ்வளவா என்று மனைவி கேட்கிறாள். நீங்கள் அங்கே தங்கியதாக எழுதியிருந்தீர்கள். அப்படி என்னதான் இருக்கிறது?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

ராத்திரி வந்து படுக்க மட்டும்தான் என்றால் உங்கள் மனைவி சொல்வதே சரி. தம்புள்ள டவுனிலேயே சுத்தமான ஏசி அறை மலிவாகக் கிடைக்கும். விளக்கை அணைத்த பிறகு எல்லா மெத்தையும் ஒன்றுதான். துண்டை அன்னப்பறவையாக மடித்துக் கட்டிலில் வைப்பார்களே, அதற்கெல்லாம் நான் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டேன்.

கண்டலமவில் நாம் காசு கொடுப்பது அந்த இடத்துக்கு. ஹோட்டலுக்கு முதலில் யோசித்த இடம் சிகிரியா குன்றின் பக்கத்தில். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அது வேண்டாம் என்று சொல்லி, பல கிலோமீட்டர் தள்ளி, கண்டலம குளத்தை ஒட்டிய பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து சிகிரியா குளத்துக்கு அப்பால் சின்னதாகத் தெரியும். காலடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. 1994இல் திறப்பதற்கு முன் பிக்குகளும் விவசாயிகளும் கடுமையாக எதிர்த்தார்கள். பழைய பாசனக் குளம் கெட்டுவிடும் என்ற பயம், நியாயமான பயம்தான். பாவா கட்டடத்தைத் தூண்கள்மேல் தூக்கி நிறுத்தினார். மழைநீர் பாறையில் வழிந்து அடியிலேயே போய்விடுகிறது. முகப்பு முழுக்கக் கொடி படரவிட்டார். 152 அறைகள், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

வண்டி நிற்கும் இடத்தில் பளிங்கும் இல்லை, நீரூற்றும் இல்லை. குகை வாய் மாதிரி ஒரு முகப்பு. உள்ளே பாறையை ஒட்டி இருட்டான நடை. இதற்கா இவ்வளவு காசு என்று தோன்றும். நடை வளைந்து முடிகிற இடத்தில் சட்டென்று முழுக் குளமும் கண்ணில் விழும். அப்புறம் அறைக்குப் போகிற தாழ்வாரம். ஒரு பக்கம் செதுக்காத பாறை. கை வைத்தால் சில்லென்றிருக்கும். மறுபக்கம் காடு. படிக்கட்டுக்கு மேலே சிற்பி லக்கி சேனநாயக்க செய்த பெரிய ஆந்தைச் சிலை சிறகை விரித்து நிற்கும். அறைக்குப் போய்ச் சேரவே எனக்கு நேரமாகிவிட்டது.

இதெல்லாம் பகலில் சும்மா இருப்பவர்களுக்குத்தான். அதனால் என் யோசனை இது. விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே தம்புள்ள குகைக் கோயிலைப் பார்த்துவிடுங்கள். சிகிரியாவைக் கிளம்பும் நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு மேல் படி, வெயிலில் முடியாது. நடுவில் உள்ள நாளில் எங்கும் போகாதீர்கள். காலையில் நீச்சல் குளம். அதன் விளிம்பும் கீழே இருக்கும் குளத்து நீரும் ஒன்றாகத் தெரியும். மத்தியானம் தூக்கம், சாயங்காலம் தாழ்வாரத்தில் டீ. பொலன்னறுவையை இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம். இல்லை, மூன்றையும் பார்த்தே தீர வேண்டும் என்றால் தம்புள்ளவிலேயே தங்குங்கள். மகனிடம் அந்தப் பணத்துக்கு நல்ல வண்டியும் டிரைவரும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

கண்டலமதான் என்று முடிவானால், புக் செய்யும்போதே அறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பால்கனிக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். குரங்குகள் வந்து பிஸ்கட்டை மட்டுமல்ல, மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

அன்புடன்.