கச்சையை யார் கட்டுவது?

கேள்வி: எனக்கு 34 வயது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், வேலை பெங்களூரில். எங்கள் பக்கத்துக் காவல் தெய்வம் சுடலைமாடனை வைத்து ஒரு அமானுஷ்ய த்ரில்லர் நாவல் எழுதுகிறேன். 2003-இல் சாமிக்கு எடுக்கிற திருவிழாவான கொடையை நிறுத்திவிட்ட ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்து துப்புத் துலக்குகிறாள். சாமி வந்து ஆடுகிற கோமரத்தாடிதான் கொலைகாரர். கதை பாதியில் நிற்கிறது. சாமிக்கு அவ்வளவு சக்தி இருந்தால் கொலைகாரரை முதல் அத்தியாயத்திலேயே முடித்திருக்கலாமே? சாமி வந்து உண்மையைச் சொல்லிவிட்டால் அப்புறம் துப்பறிய என்ன இருக்கிறது? கோமரத்தாடி எதற்காகக் கொலை செய்கிறார்? பேராசை என்று வைத்தேன், படித்த நண்பர்கள் சிரித்தார்கள். அந்தப் பாத்திரத்தை என் பெரியப்பாவை மனதில் வைத்துத்தான் எழுதினேன். அப்பா இறந்த பிறகு வயல் பாகத்தில் தகராறாகி ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. நானும் கொடைக்குப் போவதில்லை, கொடை வரியை மட்டும் போனில் அனுப்பிவிடுவேன். இப்போது பெரியப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவருக்குப் பதிலாக வருகிற கொடைக்கு யார் கச்சை கட்டிச் சாமியாடுவது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அது வேறு விஷயம். பாத்திரத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறேன், மாற்ற வேண்டுமா?

– பெயர் வேண்டாம், பெங்களூர்

பதில்: தம்பி, கதை பாதியில் நிற்கிறது என்று இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களுக்குக் குறைவே இல்லை. பேய்க்கதை, சாமிக்கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சாமிக்கு எவ்வளவு சக்தி கொடுப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தை நான் மறுபடி எடுத்துப் படித்தது வேறொரு வரிக்காக. யார் கச்சை கட்டுவது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம், அது வேறு விஷயமாம்.

எப்படித் தம்பி வேறு விஷயமாகும்? கோமரம், அதாவது சாமியாடுகிற உரிமை, பெரும்பாலும் ஒரு குடும்பத்து வழியில்தான் இறங்கும். ஆடுகிறவர் விழுந்துவிட்டால் தம்பி, மகன், தம்பி மகன் என்றுதான் ஊர் எண்ணிப் பார்க்கும். அந்தத் தம்பி மகன் நீங்கள்தானே? ஒன்பது வருடமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டாத ஒருவருக்கு இந்தப் பேச்சு மட்டும் எப்படிப் பெங்களூர் வரை வந்து சேர்ந்தது? யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அநேகமாக உங்கள் அம்மா, இல்லாவிட்டால் பெரியம்மாவே அம்மாவிடம் சொல்லியிருப்பார். அதை நீங்கள் ஊர்ச் செய்தி என்று எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒரு பாத்திரத்தின் கொலை நோக்கம் பற்றிக் கேட்கிறீர்கள்.

உங்கள் வில்லனுக்கு நோக்கம் கிடைக்காததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவர்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது, அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வயல் பாகத்தில் உங்களை ஏமாற்றினார் என்ற ஒரே சங்கதியை ஊதி ஊதிப் பேராசை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நண்பர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? வருஷத்தில் ஒரு ராத்திரி சாமியாட்டத்துக்கான கச்சையும் சல்லடமும் கட்டிக்கொண்டு, அதற்காக நாள்கணக்கில் விரதம் இருந்து, பந்தத்தைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு நடக்கிற மனிதருக்கு இரண்டு மரக்கால் விதைப்பாட்டு நிலம் மட்டுமா நோக்கமாக இருக்கும்? பேராசைக்காரனுக்கு அதைவிடச் சுலபமான வழிகள் இருக்கின்றன.

நான் ஒரு நோக்கம் சொல்கிறேன், வைத்துப் பாருங்கள். ஒரு வருடம் கொடையில் மேளம் உச்சத்துக்குப் போகிறது, வில்லுப்பாட்டில் கதை உரிய இடத்துக்கு வந்துவிட்டது, ஊரே அவர் முகத்தைப் பார்க்கிறது. அவர்மேல் சாமி வரவில்லை. வரவில்லை என்று சொன்னால் குடும்பத்தின் குறை என்று ஊர் பேசும், அடுத்து ஆட வீட்டில் ஆளும் இல்லை, தம்பி மகன் வெளியூரில். அதனால் அவர் வந்ததுபோல் ஆடிவிடுகிறார். அந்த ராத்திரி சாமி வாக்கு என்று அவர் வாயில் வந்த ஏதோ ஒரு சொல்லை நம்பி ஒரு குடும்பம் ஒரு காரியம் செய்துவிடுகிறது. பிறகு நடப்பதெல்லாம் அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான். இப்படிப்பட்ட ஆளைப் பார்த்து வாசகர் பயப்படவும் செய்வார், இரக்கப்படவும் செய்வார். இதை உங்களால் யோசிக்க முடியாமல் போனதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. அவர் பக்கத்தில் நின்று யோசித்தால் கோபம் கொஞ்சம் குறைந்துவிடுமே, அதை நீங்கள் விரும்பவில்லை.

இந்த ஒரு முடிச்சில் உங்கள் இரண்டாவது சிக்கலும் அவிழ்ந்துவிடும். சாமி வந்து உண்மையைச் சொல்லிவிட்டால் கதை முடிந்துபோகும் என்கிறீர்கள். எந்த ஊரில் முடிந்திருக்கிறது? கோமரத்தாடி சொன்ன வாக்கை வைத்துக்கொண்டு மறுநாள் டீக்கடையில் ஊரே பிரிந்து நின்று சண்டை போடும். சொன்னது சாமியா, அவரா? யாருக்காகச் சொன்னார்? போன வருஷம் வேறு மாதிரி சொன்னாரே? உங்கள் துப்பறிதல் அங்கேதான் தொடங்க வேண்டும்.

முதல் சிக்கலுக்கு நம்மிடம் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாலங்காட்டுப் பக்கத்துக் கதை. சம்பந்தர் தன் பதிகத்திலேயே அதைத் தொட்டுக்காட்டுகிறார் என்றால் எவ்வளவு பழசு என்று பாருங்கள். நீலி பழிவாங்க வந்த பேய். எதிரி தனியாக வருகிற வணிகன். ஒரே அடியில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் கையில் மந்திரித்த கத்தி இருக்கிறது, அது இருக்கும்வரை அவளால் கிட்டே போக முடியாது. அதனால் அவள் கரிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் இவர் மனைவி, என்னைக் கைவிடப் பார்க்கிறார் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். வேளாளர் எழுபது பேர் அதை நம்பி, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று வணிகனுக்கு வாக்குக் கொடுத்து, கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் செத்துக் கிடக்கிறான். எழுபது பேரும் கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

பேய்க்கு ஒரு தடை வைத்தார்கள், அந்தத் தடையை மனிதர்கள் கையாலேயே நீக்க வைத்தார்கள். பேயின் சக்தியைவிட நல்லவர்களின் நம்பிக்கைதான் அந்தக் கதையில் ஆளைக் கொல்கிறது. உங்கள் சுடலைக்கும் தடை கைவசம் இருக்கிறது, நீங்கள் தேடக்கூட வேண்டாம். அவருக்கு இருப்பது குடிகாவல், தன்னைக் கும்பிடுகிற குடும்பங்களைக் காக்கிற வேலை. காக்க வேண்டிய குடியிலேயே கொலைகாரன் இருந்தால் காவல்காரர் என்ன செய்வார்? பேசுவதற்கும் அவருக்கு ஒரு உடம்பு வேண்டும், அந்த உடம்போ கொலைகாரனுடையது. இந்த இரண்டு கட்டு போதும், முந்நூறு பக்கம் ஓடும்.

அந்தச் சென்னை ஆராய்ச்சி மாணவியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அவளை எத்தனை நாவலில் பார்ப்பது? அந்த வீட்டிலேயே பிறந்து, கட்டிக்கொடுத்துப் போன ஒரு பெண்ணைக் கொடைக்கு வரவழையுங்கள். கல்யாணமான பிறகு அவளுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் குலதெய்வம். அப்படியானால் பிறந்த வீட்டுச் சுடலையின் காவல் அவளுக்கு இன்னும் உண்டா, இல்லையா? இதைப் பற்றி நம் ஊரில் பாட்டிமார் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அவளுக்கே அது நிச்சயமில்லாமல் இருக்கும்போது அவளைச் சாமி வேட்டைக்குப் போகிற ராத்திரியில் தெருவில் இறக்குங்கள். பந்தத்தோடு சாமி சுடுகாட்டுக்குப் போகிற வழியில் யாரும் எதிரே வரக்கூடாது, கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பார்கள். ஊர் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற அந்த நேரத்தைக் கொலைக்குப் பயன்படுத்தாமல், ஐந்தாம் அத்தியாயத்தில் லாட்ஜ் அறையில் ஒருவரைக் கொன்றிருப்பீர்கள். சரியா?

அப்புறம் அந்த 2003. எதற்காக அந்த வருடம் என்று எழுதவில்லை. உங்களுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும், ஏதோ மனதில் கிடந்திருக்கிறது. 1950-இல் போட்ட பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி, கோயில்களில் ஆடு, கோழி பலியிடக் கூடாது என்று ஜெயலலிதா அரசு உத்தரவு போட்டது அந்த ஆகஸ்ட் கடைசியில்தான். எதிர்ப்பு பலமாகி 2004-இல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். நடுவில் சில மாதங்கள் இருக்கின்றன பாருங்கள், அப்போது கொடை வந்த ஊர்களில் கோமரத்தாடிகளின் நிலையை யோசியுங்கள். கிடா கேட்கிற சாமி உடம்பில், தடை உத்தரவோடு போலீஸ் வாசலில். ஆவணிக் கடைசி வெள்ளியில் கொடை வைக்கிற ஊர் என்று வைத்துக்கொண்டால், உத்தரவு வந்த சூட்டோடு உங்கள் கதைக் குடும்பம் மாட்டுகிறது. பலி விழாத அந்தக் கொடையைத்தான் அவர்கள் பிறகு காரணம் காட்டுகிறார்கள். சாமி அன்றைக்கு வந்ததா இல்லையா என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

நிஜத்திலும் அப்படித்தான். அந்த வருடம் உங்கள் கோயிலில் என்ன நடந்தது, பெரியப்பா என்ன செய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இன்னொரு தடவை வந்தால் பேச்சும் போய்விடலாம். பிறகு எந்த நூலகத்தில் போய்க் கேட்பீர்கள்?

பாகம் முடியாமல் எப்படிப் போவது என்பீர்கள். பாகம் முடிந்த குடும்பத்தை எனக்கு ஒன்று காட்டுங்கள், பார்க்கலாம். வரப்புக்கு வழக்குப் போட்டவர்கள் சாவுக்குக் கூடி நிற்பதும், கொடைக்கு ஒரே பந்தியில் உட்காருவதும் நம் பக்கத்தில் புதுசா? வழக்கு வக்கீல் பாடு. அப்பாவின் கூடப் பிறந்தவர் படுக்கையில் கிடக்கும்போது போய்ப் பார்ப்பது பிள்ளையின் கடமை, அதில் நியாயம் யார் பக்கம் என்று கணக்குப் பார்க்க எனக்குச் சம்மதமில்லை. அவர் செய்தது தப்பாகவே இருக்கட்டும். போனில் அனுப்பிய வரி குடும்பத்துக்கு இவ்வளவு என்கிற தலைக்கட்டுக் கணக்கில் சேரும், அவ்வளவுதான். நீங்கள் போனதாக ஆகாது.

கச்சையை நீங்கள் கட்டியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது உங்களுக்கும் சாமிக்கும் உள்ளது, பத்திரிகைக்காரர் தலையிடுகிற இடம் இல்லை. உங்களுக்கு நம்பிக்கை இல்லாமலும் இருக்கலாம். ஆனால் முடியாது என்றால் அதை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். பெங்களூரிலிருந்து அவரைக் கொலைகாரராக எழுதிக்கொண்டிருப்பது பதில் ஆகாது.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறுங்கள். கையெழுத்துப் பிரதியைக் கொண்டு போக வேண்டாம். நோட்டும் வேண்டாம், நோட்டை எடுத்தால் பெரியவர்கள் பேட்டி கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள், உண்மை வராது. முதல் நாள் கோயில் பேச்சையே எடுக்காதீர்கள். பெரியம்மா சோறு போட்டால் சாப்பிடுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், ஒன்பது வருஷத் திட்டு பாக்கி இருக்கும். இரண்டாம் நாள் பெரியப்பாவே பேசுவார். ஆடின மனிதருக்கு அதைச் சொல்லிவிட்டுப் போக ஒரு ஆள் வேண்டும்.

பெயரை மாற்ற வேண்டுமா என்று கேட்டீர்கள். இதில் என்ன கேள்வி? பெயர், ஊர், கோயில் இருக்கிற திசை வரை மாற்றுங்கள். பெரியப்பா வீட்டில் யாரும் நாவல் படிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பேத்தி பத்தாம் வகுப்பு படிக்கிற வயதில் இருந்தால் போதும், ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு பெரியம்மாவுக்கு வரிவரியாக வாசித்துக் காட்டிவிடுவாள்.