அலுப்புக்கு ஆங்கிலத்தில் என்ன?

சென்ற இதழில் 'டயர்ட்' என்ற சொல்லைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை அடைத்துவிட்டன. மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'டயர்ட் ஆஃப்', 'டயர்ட் ஃப்ரம்' இரண்டும் ஒன்றுதானே? மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சலில் 'ஆஃப்' போட்டதற்கு என் தோழி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மேலாளர் சிரிக்காமல் இருந்தால் சரி. எனக்கு இருபத்து நாலு வயதில் இது நடந்தது. பதிப்பக வேலை. ஒரு புத்தகத்தை விடிவதற்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்று மூத்த ஆசிரியரும் நானும் ராத்திரி முழுக்க மெய்ப்புப் பார்த்தோம். காலையில் அவர் முகம் கழுவப் போன நேரத்தில் மேசையில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினேன்: 'ஐ ஆம் டயர்ட் ஆஃப் ஒர்க்கிங் வித் யூ.' மறுநாள் அந்தச் சீட்டு என் மேசையில் கிடந்தது. 'ஆஃப்' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, அடியில் 'அவ்வளவு மோசமாகவா?' என்று எழுதியிருந்தார். உங்களோடு வேலை செய்வதே எனக்குச் சலித்துவிட்டது என்று நான் எழுதி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

'டயர்ட் ஆஃப்' என்றால் மனசு சலித்துவிட்டது. எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்தவரும் 'டயர்ட் ஆஃப் வெயிட்டிங்' என்று சொல்லலாம். 'டயர்ட் ஃப்ரம்', 'டயர்ட் ஆஃப்டர்' என்றால் உடம்பு களைத்திருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்க ஆங்கில இலக்கணம் தேவையில்லை, நம்மிடமே 'அலுப்பு' இருக்கிறது. பயண அலுப்பு என்றால் உடம்பு. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்றால் மனசு. ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது. 'டயர்ட்' என்பதும் அப்படித்தான். எழுதுமுன் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். 'அலுத்துவிட்டது' என்று வந்தால் 'ஆஃப்'. 'அலுப்பாக இருக்கிறது' என்று வந்தால் மற்ற இரண்டில் ஒன்று. அகராதிகளில் 'டயர்ட்' என்பதற்கு நேரே 'களைப்புற்ற' என்று மட்டும் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக வரும். களைப்பு உடம்போடு நின்றுவிடும், அலுப்பு நிற்காது.

'வெரி எக்ஸாஸ்டட்' என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். என்ன தவறு?

'மிகவும் செத்துப்போனார்' என்று சொல்வோமா? 'எக்ஸாஸ்டட்' என்பதற்குள்ளேயே 'மிகவும்' இருக்கிறது. அழுத்தம் வேண்டுமானால் 'அப்சல்யூட்லி', 'கம்ப்ளீட்லி', 'அட்டர்லி' போன்றவற்றைச் சேருங்கள். 'வெரி' போட ஆசையாக இருந்தால் 'டயர்ட்' பக்கம் போய்விடுங்கள். பேச்சில் ஆங்கிலேயர்களே சில சமயம் 'வெரி எக்ஸாஸ்டட்' என்று சொல்லிவிடுவார்கள், உலகம் இடிந்துவிடாது. தேர்வுத்தாளில்தான் இடியும்.

எக்ஸாஸ்ட் ஃபேன், எக்ஸாஸ்டட், எக்ஸாஸ்டிவ் மூன்றுக்கும் என்ன உறவு?

சொந்த அக்கா தங்கைகள். வேர் லத்தீனில் இருக்கிறது. பொருள் 'வெளியே இறைப்பது'. கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் அறைக்குள் இருக்கும் காற்றை வெளியே இறைக்கிறது. வண்டியின் எக்ஸாஸ்ட் எஞ்சினில் எரிந்து முடிந்த புகையை வெளியே தள்ளுகிறது. எக்ஸாஸ்டட் ஆனவர், வாளி தரை தட்டும்வரை இறைத்த கிணறு. எக்ஸாஸ்டிவ் பட்டியல் என்றால் எதையும் மிச்சம் வைக்காமல் இறைத்துக் கொட்டிய பட்டியல். அதனால் 'ஐ ஆம் எக்ஸாஸ்டிவ்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'ஐ ஆம் டயரிங்' என்பதும் வேண்டாம், 'என்னோடு இருந்தால் களைத்துப்போவீர்கள்' என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகும்.

எங்கள் பிரிட்டிஷ் மேலாளர் வெள்ளிக்கிழமையானால் 'நேக்கர்ட்' என்கிறார். நானும் சொல்லலாமா?

இங்கிலாந்தில் நேக்கர் என்றால் கிழட்டுக் குதிரைகளை வாங்கி அறுத்து, தோலையும் கொழுப்பையும் எலும்பையும் விற்பவர். நேக்கர்ட் என்றால் அவரிடம் அனுப்புகிற நிலைக்கு வந்துவிட்டேன் என்று அர்த்தம். எழுத்தில் முதலில் வரும் 'கே' ஒலிக்காது. உச்சரிப்பில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது: 'நே' கொஞ்சம் நீண்டு, பின்பாதி தேய்ந்தால் 'உடையில்லாமல் இருக்கிறேன்' என்று கேட்கும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அது நல்லதல்ல.

சொல்லலாமா என்று கேட்டால், அவர் உங்களிடம் சொல்லலாம், நீங்கள் உங்கள் சகாக்களிடம் சொல்லலாம். வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சலில் கூடாது. கொஞ்சம் முரட்டுச் சொல், கெட்ட வார்த்தையின் வாடையும் உண்டு. அதே ஊர்க்காரர்களின் 'ஷாட்டர்ட்' அவ்வளவு முரடு இல்லை. கண்ணாடி போலச் சில்லுச் சில்லாய் உடைந்துவிட்டேன் என்று பொருள். அமெரிக்கர்கள் 'பீட்' என்பார்கள், அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்று நாம் சொல்வதேதான். 'டாக் டயர்ட்' என்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம், நாமும் நாயாய் அலைந்தவர்கள்தாம். 'வோர்ன் அவுட்' என்பதற்குப் பக்கத்தில் 'ஓடாய்த் தேய்ந்து' என்பதை வையுங்கள். அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் 'ஃபேக்ட் அவுட்' என்று பார்த்திருப்பீர்கள். அதைப் புத்தகத்தோடு விட்டுவிடுங்கள். அதன் முதல் பாதியை அமெரிக்காவில் தன்பால் ஈர்ப்பு உள்ள ஆண்களை இழிவுபடுத்தும் வசையாக எடுத்துக்கொள்வார்கள்.

நான் செவிலியர். நோயாளி 'டயர்ட்' என்கிறார், மருத்துவர் 'ஃபட்டீக்' என்று எழுதுகிறார். ஒன்றுதானா?

நோயாளி ஒரு சொல்லில் நான்கைச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு மருத்துவ நண்பர் விளக்கினார். கண் சொக்குகிறதா, உடம்பில் சக்தி இல்லையா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கை காலில் பலம் குறைந்திருக்கிறதா? நான்குக்கும் காரணம் வேறு. ஃபட்டீக் என்பது இரண்டாவது: ஓய்வெடுத்தும் சரியாகப் போகாத அசதி. பலம் குறைவதற்குப் பெயர் 'வீக்னஸ்'. நாம் எல்லாவற்றுக்கும் 'வீக்கா இருக்கு' என்று சொல்லிப் பழகியவர்கள். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் மருத்துவர் தசையையும் நரம்பையும் சோதிக்கத் தொடங்கிவிடுவார்.

ஃபட்டீக் இரும்புக்கும் வரும். 1954-இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து நடுவானில் உடைந்து கடலில் விழுந்தன. விமான உடலைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிச் சோதித்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உலோகம் அயர்ந்து விரிசல் விட்டிருந்தது. 'மெட்டல் ஃபட்டீக்' என்ற சொல்லைப் பொறியாளர்கள் அதற்கு முன்பே வைத்திருந்தார்கள். சாதாரண ஜனங்கள் காதில் அது விழுந்ததில் அந்த விபத்துகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டு நாள் தூக்கமில்லை. 'ஐ ஆம் பர்ன்ட் அவுட்' என்று சொல்லலாமா?

இரண்டு நாளுக்கு அவ்வளவு பெரிய சொல் வேண்டாம். தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவதை 'எக்ஸாஸ்டட்' என்றே சொல்லுங்கள். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-இல் 'பர்ன் அவுட்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க்கில் இலவச மருத்துவமனையில் ஆர்வத்தோடு உழைக்க வந்தவர்கள் மெல்ல மெல்ல எரிந்து அடங்குவதைப் பார்த்து எழுதியது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதற்குக் கொடுத்த விளக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: சக்தி வற்றிப்போவது, வேலையிடமிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, வேலைத்திறன் குறைவது. அதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றார்கள். வேலைக்கு வெளியே உள்ள களைப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னார்கள். நடைமுறையில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

'லிஸ்ட்லெஸ்' என்றால் பட்டியல் இல்லாதவரா?

இல்லை. அந்த 'லிஸ்ட்' விருப்பம் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். எதிலும் நாட்டமில்லாமல் துவண்டு கிடப்பவர் லிஸ்ட்லெஸ். கையில் முழ நீளப் பட்டியலோடும் அப்படிக் கிடக்கலாம், நான் கிடந்திருக்கிறேன்.

அக்கறையோடுதான் 'யூ லுக் டயர்ட்' என்றேன். உடன் வேலை செய்பவர் முகம் சுருங்கிவிட்டது. ஏன்?

நீங்கள் அக்கறையைச் சொன்னீர்கள், அவருக்குக் கண்ணாடியைக் காட்டியது போல் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் 'பார்க்க நன்றாயில்லை' என்றுதான் காதில் விழும். முகத்தை விட்டுவிட்டு அன்றைய நாளைப் பற்றிக் கேளுங்கள். 'லாங் டே?' என்றால் போதும். மீதியை அவரே சொல்வார், அப்புறம் நீங்கள் கிளம்பக் கொஞ்சம் நேரமாகும்.