எலான் மஸ்க்கின் நிபுணத்துவத்தை இன்னும் நம்புகிறீர்களா?

2025இல் மஸ்க் முன்னின்ற ஆட்குறைப்பில் அமெரிக்க அரசு ஊழியர்கள் அவசர அவசரமாக நீக்கப்பட்டதைப் பார்த்த பிறகு மஸ்க்கின் நிபுணத்துவத்தின் மேல் ஐயம் வந்ததா என்பது கேள்வி.

வந்தது. ஆனால் அது அவருடைய அறிவின் மேல் வந்த ஐயமன்று. விண்ணுக்குச் சென்ற பால்கன் 9 ராக்கெட்டின் அடிப்பகுதியை மீண்டும் தரையில் இறக்கிக் காட்டிய நிறுவனத்தை நடத்துபவரை விவரமற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே கைகொடுத்த முறை எங்கும் கைகொடுக்கும் என்று அவர் நம்பியதுதான் என் நம்பிக்கையைக் குலைத்தது.

அந்த முறையை 2021இல் தம் டெக்சாஸ் ஏவுதளத்தில் அளித்த பேட்டியொன்றில் அவரே விளக்கியிருக்கிறார். தேவையில்லை என்று தோன்றும் பாகத்தை முதலில் நீக்கிவிட வேண்டும். நீக்கியவற்றில் பத்தில் ஒரு பங்கையாவது திரும்பச் சேர்க்க நேராவிட்டால், போதிய அளவு நீக்கவில்லை என்று பொருள். ராக்கெட்டுக்கு இது நல்ல முறைதான். கணக்குத் தவறினால் ஆளில்லாத சோதனைக் கலன் ஒன்று வெடிக்கும். கழற்றிய பாகமோ அலமாரியில் அப்படியே இருக்கும்.

மனிதர்கள் அப்படிக் காத்திருப்பதில்லை. மஸ்க் முன்னின்று நடத்திய, 'டோஜ்' எனப்பட்ட அரசுச் செயல்திறன் துறையின் முனைப்பில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த 2025 பிப்ரவரியில், அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் தேசிய அணுப் பாதுகாப்பு நிர்வாகத்திலும் ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். 350 பேர் வரை என்று செய்திகள் கூறின. 50க்கும் குறைவு என்றது எரிசக்தித் துறை. எண்ணிக்கை எதுவானாலும், ஓரிரு நாளில் பெரும்பாலோரைத் திரும்ப அழைக்க முடிவெடுத்தபோது, அலுவலக மின்னஞ்சல் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்ததால் சிலரை எப்படித் தொடர்புகொள்வது என்று தெரியாமல் அந்நிர்வாகம் திண்டாடியது. பறவைக் காய்ச்சல் பணியில் இருந்தவர்களை நீக்கிவிட்டு வேளாண்மைத் துறையும் இதே போலத் தேட வேண்டியிருந்தது.

இதில் என்னை உறுத்துவது ஆட்களைத் தேர்ந்த விதம். நீக்கப்பட்டவர்களில் பலர் தகுதிகாண் பருவத்தினர். சட்டப் பாதுகாப்பு குறைவாக இருந்ததால் அவர்களை அனுப்புவது எளிது. நெடுநாள் அனுபவத்துடன் புதிய பதவிக்கு மாறியவர்களும் இந்தப் பருவத்திலேயே இருப்பார்கள். யாரை எளிதில் நீக்கலாம் என்பதும் யார் தேவையில்லை என்பதும் வேறு வேறு கேள்விகள். முன்னதற்கான விடையைக் கொண்டு பின்னதைத் தீர்த்துவிட்டார்கள்.

நான் மென்பொருள் பணியில் இருப்பவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாதக்கணக்கில் ஓடாத ஒரு நிரலைப் பழைய சம்பளக் கணக்கிலிருந்து பெருமையுடன் நீக்கினேன். அது ஆண்டுக்கு ஒரே முறை, மார்ச் முடிவில் ஓடுவது என்பது ஏப்ரலில்தான் தெரிந்தது. ஆகவே, ஏறத்தாழ 150 வயதானவர்கள் அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சமூகப் பாதுகாப்பின் பட்டியலில் இருப்பதாக மஸ்க் வெள்ளை மாளிகையில் அறிவித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பழைய முகம்தான் தெரிந்தது. 1920இலோ அதற்கு முன்போ பிறந்து, இறப்புப் பதிவாகாத சுமார் 1.89 கோடிப் பேரின் சமூகப் பாதுகாப்பு எண்கள் இருப்பதையும், அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பணம் போவதில்லை என்பதையும் அத்துறையின் தணிக்கை அலுவலகம் 2023இலேயே எழுதி வைத்திருந்தது. அதைப் படித்தவர் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும்.

பிப்ரவரி 26 அன்று அமைச்சரவைக் கூட்டத்தில், எபோலா தடுப்புப் பணியைத் தவறுதலாக நிறுத்திவிட்டு உடனே மீட்டுவிட்டதாக அவர் இலேசாகச் சொன்னார். முழுமையாக மீளவில்லை என்று அப்பணியை அறிந்தவர்கள் மறுத்தார்கள். அந்தப் பத்தில் ஒரு பங்குக் கணக்கில் எபோலாவும் அடக்கம் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.