முகச் சுருக்கத்துக்கு டாக்டர் எழுதித் தரும் ட்ரெட்டினாயின் எப்படி வேலை செய்கிறது?

ட்ரெட்டினாயின் என்பது வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஓர் அமிலம். 1971-இல் அமெரிக்காவில் பருக்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன், அதைப் பூசியவர்களின் சுருக்கங்களும் மங்குவதைக் கவனித்தார்.

காரணம் தோலின் உள்ளடுக்கில் இருக்கிறது. வெயில் பட்டுப் பட்டு, தோலைத் தாங்கும் கொலாஜன் நார்கள் அறுந்துபோகின்றன. இந்த மருந்து அந்தச் சிதைவைக் குறைத்து, புது நார் உருவாகத் தூண்டுகிறது. கயிறு தொய்ந்த கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மாய்ஸ்சரைசர் அதன்மேல் விரிக்கும் புதுப் போர்வை; ட்ரெட்டினாயின் கயிற்றையே இழுத்துக் கட்டுகிறது. கட்டி முடிக்க மாதக்கணக்காகும். நாலு வாரத்தில் பலன் இல்லையென்று பலர் விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசியின் வேலை வேறு. நெற்றியைச் சுருக்கும் தசையை அது மூன்று நான்கு மாதம் தளர்த்திவைக்கும், அவ்வளவுதான். தோலின் தரம் மாறாது.

ட்ரெட்டினாயினை இரவில் பூசுங்கள்; முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். முதலில் வாரம் இரண்டு மூன்று நாள் பூசிப் பழகுங்கள். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தவிர்க்க வேண்டும். ஃபேஷியல், வேக்ஸிங், பீலிங் செய்யப்போனால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி இந்த மருந்தைச் சில நாள் நிறுத்துங்கள்; இல்லாவிட்டால் தோல் உரிந்து புண்ணாகலாம்.

தொடக்கத்தில் தோல் உரிவதைப் பார்த்து “தோலே மெலிந்துவிடும்” என்று பயப்படுகிறார்கள்; உரிவது மேலே கிடக்கும் இறந்த செல்கள்தான், அதன் கீழுள்ள உயிருள்ள அடுக்கு நாளடைவில் தடிக்கவே செய்கிறது.