பேருந்துக்கு ஒரு வரி: சியாட்டில் கணக்கு

கேள்வி: சியாட்டிலில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே பேருந்துக்காக மக்களே ஓட்டுப் போட்டு வரி விதித்துக்கொண்டார்களாம். வரி கேட்டு யாராவது ஓட்டுப் போடுவார்களா?

பதில்: போட்டார்கள், இரண்டு முறை. அதற்கு முன் 2014 ஏப்ரலில், சியாட்டில் அடங்கிய கிங் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போல) முழுவதற்கும் நடந்த வாக்கெடுப்பு தோற்றது. கவுன்டியின் பேருந்துகளை ஓட்டும் மெட்ரோ நிர்வாகம் செப்டம்பரில் பேருந்துகளைக் குறைக்கத் தொடங்கியது. ஆனால் நகருக்குள் ஆதரவு அதிகம் என்று அந்தத் தோல்வியிலேயே தெரிந்துவிட்டது. எனவே நவம்பரில் சியாட்டில் மக்களிடம் மட்டும் கேட்டார்கள்: காருக்கு ஆண்டுக்கு 60 டாலர், விற்பனை வரியில் 0.1 சதவீதம், 6 ஆண்டுகளுக்கு. அது நிறைவேறியது. 2020இல் கார் கட்டணத்தை விட்டுவிட்டு, விற்பனை வரியை 0.15 சதவீதமாக்கிக் கேட்டபோது சுமார் 80 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2021 ஏப்ரலிலிருந்து 6 ஆண்டுகள் என்று கெடு வைத்துக் கேட்டதும் ஒரு காரணம் என்பேன். திருப்தி இல்லையென்றால் அடுத்த முறை மறுத்துவிடலாம் என்ற பிடி மக்கள் கையில் இருக்கிறது.

கேள்வி: 100 டாலருக்கு 15 சென்ட். இதில் என்ன பெரிதாகக் கிடைத்துவிடும்?

பதில்: நகராட்சி இந்தப் பணத்தில் பேருந்து வாங்குவதில்லை, மெட்ரோவிடம் ‘சேவை மணி’ வாங்குகிறது. ஒரு பேருந்து ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு சேவை மணி. ஒரு தடத்தில் போய்த் திரும்ப, கடைசி நிறுத்தத்தில் நிற்கும் நேரமும் சேர்த்து, 60 நிமிடம் என்று வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒன்று விட 4 பேருந்து வேண்டும், 10 நிமிடத்துக்கு ஒன்று விட 6. கூடுதலான இரண்டும் தினம் 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 8,760 சேவை மணி. பயணிக்குச் சராசரிக் காத்திருப்பு ஏழரை நிமிடத்திலிருந்து ஐந்தாகக் குறையும். இரண்டு பேருந்து மாறிப் போகிறவருக்கு இந்த லாபம் இருமடங்கு. ஒன்றைத் தவறவிட்டாலும் வேலைக்குத் தாமதமாகாது. நாள் முழுவதும் 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும் நிறுத்தம், 2015இல் நகரின் கால்வாசி வீடுகளுக்குத்தான் 10 நிமிட நடை தூரத்தில் இருந்தது. 2019இல் சுமார் 70 சதவீத வீடுகளுக்கு அது கிடைத்தது. வரி கேட்பவர்கள் இப்படி அளந்து பார்க்கும்படி ஒன்றைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘நல்ல போக்குவரத்து’ என்று மொத்தமாகச் சொன்னால் ஓட்டு விழாது. விழுந்தாலும் கணக்குக் கேட்க வழி இருக்காது.

கேள்வி: விற்பனை வரி ஏழைகளைத்தானே அதிகம் வாட்டும்?

பதில்: ஆமாம், இந்த வரியின் உண்மையான குறை அது. சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. வரி விதிக்க நகராட்சிக்கு இருக்கும் வழிகளும் சிலதான். மளிகைச் சாமான்களுக்கும் மருத்துவர் எழுதித்தரும் மருந்துகளுக்கும் விற்பனை வரி இல்லை என்பது ஓரளவு ஆறுதல். குறைந்த வருமானக்காரர்கள் ‘ஆர்கா லிஃப்ட்’ அட்டைக்கு விண்ணப்பித்தால் பயணக் கட்டணம் குறையும். பிரான்சில் இதைவிட நியாயமான முறை உண்டு: 11 பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ வேலை கொடுக்கும் நிறுவனங்கள் மொத்தச் சம்பளத்தில் ஒரு பங்கைப் போக்குவரத்துக்குக் கட்டுகின்றன. பாரிஸ் பகுதியில் 1971இலேயே தொடங்கியது இது.

கேள்வி: வரி கட்டியும் சில நாள் பேருந்து வரவில்லையே?

பதில்: பணம் இருந்தால் போதாது, ஓட்டுநர் வேண்டும். ஆள் பற்றாக்குறையால் மெட்ரோ 2023 செப்டம்பரில் சில தடங்களையே நிறுத்தி வைத்தது. ஓட்டுநர் இல்லையென்றால் நகராட்சி கேட்கும் சேவை மணியை மெட்ரோவால் விற்க முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நகரம் தனியாகப் பணம் தருகிறது என்பதற்காகக் கவுன்டி தன் பங்குப் பேருந்துகளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால், வரி கட்டியும் புதிதாக எதுவும் வராது. தங்கள் பணத்தில் ஓடுவது எத்தனை மணி, கவுன்டி தன் பொறுப்பில் ஓட்டுவது எத்தனை மணி என்று ஒப்பந்தத்தில் தனித்தனியே எழுதி, ஆண்டுதோறும் வெளியிடச் செய்ய வேண்டும்.