'பிற நாட்டுத் தேர்தலில் தலையிட மாட்டோம்': கட்சி அறிக்கையின் இந்த வரியை எப்படிப் படிப்பது?

கேள்வி: நான் ஆதரிக்கும் கட்சியின் கொள்கை அறிக்கையில், "எந்த நாட்டுத் தேர்தலிலும் தலையிட மாட்டோம்" என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டு பக்கம் தள்ளி, "உலகெங்கும் ஜனநாயக சக்திகளுக்குத் துணை நிற்போம்" என்கிறது. போன மாதம் அந்தக் கட்சியின் தலைவர் ஒருவர், வேறொரு நாட்டில் போட்டியிடுபவருக்கு வெளிப்படையாக ஆதரவு கேட்டார். கட்சியின் வேட்பாளர் எங்கள் கூட்டத்துக்கு வரப் போகிறார். அவரிடம் என்ன கேட்டால் உண்மையான நிலைப்பாடு தெரியும்?

பதில்: இரண்டு வரிகளும் முட்டிக்கொள்கின்றன என்பதற்காகக் கட்சி பொய் சொல்கிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சிக்கல் 'தலையீடு' என்ற சொல்லில் இருக்கிறது. வாழ்த்துச் செய்தியும் தலையீடுதான், பெட்டி பெட்டியாகப் பணம் அனுப்புவதும் தலையீடுதான் என்று பேசினால் எல்லாக் கட்சியும் குற்றவாளி. பெட்டி மட்டுமே தலையீடு என்றால் எல்லாக் கட்சியும் உத்தமர். ஆகவே எந்தெந்தச் செயலை அவர்கள் இந்தச் சொல்லுக்குள் அடக்குகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் வாங்க வேண்டும்.

1948 ஏப்ரலில் இத்தாலியில் நடந்த தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியார் கை எத்தனை விதமாக நீளலாம் என்பதை அந்த ஒரே தேர்தலில் பார்த்துவிடலாம். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ரகசியமாகப் பணம் கொடுத்தது. எதிரணியில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சிக்கு மாஸ்கோவின் உதவி இருந்தது. கம்யூனிஸ்டுகள் வென்றால், போருக்குப் பின் ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா வகுத்த மார்ஷல் திட்டத்தின் உதவி நின்றுவிடும் என்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் மார்ஷல் பகிரங்கமாகவே சொன்னார். அமெரிக்காவில் குடியேறியிருந்த இத்தாலியர்கள், கம்யூனிஸ்டுகளுக்கு வாக்களிக்காதீர்கள் என்று ஊரிலிருந்த உறவினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அது ஓர் ஒழுங்குபடுத்தப்பட்ட இயக்கமாகவே நடந்தது. ரகசியப் பணம், பகிரங்க மிரட்டல், குடும்பக் கடிதம் ஆகிய மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? மாமாவின் கடிதத்தைப் படித்துவிட்டு, 'அவருக்கென்ன தெரியும்' என்று ஒதுக்கிவிடலாம். போரில் நொடித்துப்போன நாட்டின் வாக்காளரால் மார்ஷலின் எச்சரிக்கையை அப்படி ஒதுக்க முடியாது. ரகசியப் பணத்தைப் பற்றியோ அவருக்குத் தெரியவே தெரியாது.

என் கணக்கில் அளவுகோல் இரண்டுதான். அந்த நாட்டு வாக்காளரின் கண்ணுக்குத் தெரிந்து நடக்கிறதா? அவருடைய வாக்குக்கு ஒரு விலையோ தண்டனையோ குறிக்கப்படுகிறதா?

சர்வதேசச் சட்டமும் இரண்டாவது கேள்வியின் பக்கம் சாய்கிறது. அமெரிக்காவுக்கு எதிராக நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986இல் சர்வதேச நீதிமன்றம், ஒரு நாடு தன் அரசியல் அமைப்பைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையில் வலுக்கட்டாயத்தைப் புகுத்துவதுதான் சட்டவிரோதத் தலையீடு என்று விளக்கியது. இதில் ஓர் ஓட்டை உண்டு. போலிச் செய்தியும் ரகசிய நிதியும் 'வலுக்கட்டாயம்' ஆகுமா என்று சட்ட அறிஞர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எனவே "சர்வதேசச் சட்டத்தை மதிப்போம்" என்ற பதிலோடு வேட்பாளரை விட்டுவிடாதீர்கள்.

ரகசியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1964 சிலி தேர்தல் சாட்சி. வென்றவரின் பிரசாரச் செலவில் பாதிக்கும் சற்று அதிகமானது சிஐஏ கொடுத்த பணம். இது 1975இல் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கையில்தான் வெளிவந்தது. வாக்களித்தவர்களுக்குப் பதினோரு ஆண்டு கழித்துச் செய்தி! 1946 முதல் 2000 வரையிலான தேர்தல் தலையீடுகளைத் தொகுத்த டவ் லெவின் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் கணக்கில் 81, சோவியத் ஒன்றியம் மற்றும் ரஷ்யாவின் கணக்கில் 36 என்று எண்ணினார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ரகசியமானவை. ஆனால் வெளிப்படையாகச் செய்தவையே அதிகம் பலித்தன என்பதும் அவர் கண்டது. எனவே 'ஒளித்துச் செய்யவில்லை, ஆகவே பாதகமில்லை' என்ற வாதத்தையும் அப்படியே ஏற்கக் கூடாது.

இனி உங்கள் கட்சியின் இரண்டாவது வரி. ஜனநாயக உதவி என்பது பெரும்பாலும் அறக்கட்டளைகள் வழியாகப் போகிறது. அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய தேசிய ஜனநாயக நிதியத்தின் பணத்தில் ஒரு பகுதி, அங்குள்ள இரண்டு பெரிய கட்சிகளையும் சார்ந்த தனித்தனி நிறுவனங்களுக்குச் சென்றுவந்திருக்கிறது. ஜெர்மனியில் கான்ராட் அடினாவர், ஃபிரெட்ரிக் எபர்ட் பெயர்களில் கட்சி சார்ந்த அறக்கட்டளைகள் உண்டு. வாக்குச்சாவடி முகவர்களுக்குப் பயிற்சி, தேர்தல் கண்காணிப்பு, பெண் வேட்பாளர்களுக்கு வகுப்பு என்று எல்லாக் கட்சிக்கும் ஒரே கதவு திறந்திருந்தால் அதை நான் தலையீடு என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கட்சிக்குப் பிரசார உத்தி சொல்லிக்கொடுத்தால், பெயர்ப் பலகையில் 'பயிற்சி' என்று எழுதியிருந்தாலும் அது தலையீடுதான். பாதிக்கப்பட்ட கட்சிக்கு அது நன்றாகவே தெரியும்.

தலைவரின் ஆதரவுப் பேச்சில் பார்க்க வேண்டியது, அவர் எந்த நாற்காலியில் இருந்து பேசினார் என்பதை. 2017இல் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் மக்ரோனுக்கு ஆதரவாகக் காணொளி வெளியிட்டபோது ஒபாமா பதவியில் இல்லை. அவர் கையில் கஜானா இல்லை. 2024இல் பிரிட்டனின் தொழிற்கட்சியைச் சேர்ந்தவர்கள் கமலா ஹாரிசுக்கு வேலை செய்ய அமெரிக்கா போனார்கள். ட்ரம்ப் தரப்பு தேர்தல் ஆணையத்திடம் புகார் கொடுத்தது. அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் ஊதியம் வாங்காமல் உழைக்கலாம். பணம் கொடுக்கத்தான் கூடாது. ஆகவே பயணச் செலவு யாருடையது என்ற சில்லறைக் கேள்விதான் அங்கே பெரிய கேள்வியாகிவிட்டது. உங்கள் தலைவர் விஷயத்திலும் அதையே கேளுங்கள்.

ஆட்சியில் இருப்பவர் பேசினால் நிலைமையே வேறு. 2025 ஜூலையில் அமெரிக்க வெளியுறவுத் துறை, பிற நாட்டுத் தேர்தல்களின் நேர்மை பற்றிக் கருத்துச் சொல்வதைத் தவிர்க்குமாறு தன் தூதரகங்களுக்கு அறிவுறுத்தியது. மூன்றே மாதத்தில், அர்ஜென்டினாவுக்கு 2,000 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற உதவி பேசப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்நாட்டு அதிபர் மிலேய் நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றால் தாராளமாக இருக்க மாட்டோம் என்றார் ட்ரம்ப். தூதர் வாய் மூட வேண்டும், அதிபர் பேரம் பேசலாம்! இது ஒரு கட்சியின் நோய் மட்டுமல்ல. 1996இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் மறுபடி வெல்ல வேண்டும் என்று விரும்பிய அமெரிக்க அதிபர் கிளிண்டனின் நிர்வாகம், ரஷ்யாவுக்கு சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) தந்த 1,020 கோடி டாலர் கடனுக்குத் துணை நின்றது.

கூட்டத்துக்கு வருவோம். "தலையீட்டை எதிர்க்கிறீர்களா?" என்று தொடங்காதீர்கள், "ஆமாம்" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பிற நாட்டுக் கட்சிகளுக்குக் கட்சி நிதியோ அரசு நிதியோ போகிறதா, போனால் கணக்கை வெளியிடுவீர்களா என்று கேளுங்கள். உளவு அமைப்புகள் வெளிநாட்டுத் தேர்தலில் இறங்குவதைத் தடுக்கும் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் வாக்களிப்பீர்களா என்று கேளுங்கள். கட்சி எந்த சர்வதேசக் கூட்டமைப்பில் உறுப்பு என்பதை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். சோஷலிஸ்ட் இன்டர்நேஷனல், வலதுசாரிக் கட்சிகளின் சர்வதேச ஜனநாயக ஒன்றியம் போன்றவற்றில் இருந்தால், தோழமைக் கட்சி என்ற பெயரில் என்னென்ன கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்று பெயர் சொல்லியே கேட்கலாம்.

கடைசியாக ஒன்றை வைத்திருங்கள். அந்தத் தலைவர் ஆதரித்த வேட்பாளரின் எதிராளிக்கு, வேறொரு நாட்டு ஆளுங்கட்சி இதே அளவு உதவியைச் செய்திருந்தால் உங்கள் கட்சி என்ன அறிக்கை விட்டிருக்கும்? பதில் சொல்லும் முன் அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.